செண்பக மதினி ஏணிச் சின்னத்தில் நின்ற கதை

1

போன மாதம் தபாலில் என் பெயருக்கு ஓர் அட்டை வந்தது. என் பெயருக்கு என்று சொல்வதுகூடச் சரியில்லை. அட்டையின் மேல் சுடலைமுத்து என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சுடலைமுத்து என் மாமனார். ராதாபுரத்துக்குத் தெற்கே பனங்காட்டு ஊரில் இருந்துகொண்டு, டென்மார்க்கில் தன் பெயர் என்ன பாடுபடுகிறது என்று தெரியாமல் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த நாட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? எங்கள் வீட்டுக்காரரின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்த கட்டத்தைப் பார்த்து, அதுதான் குடும்பப் பெயர் என்று இவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அன்றையிலிருந்து அவரும் சுடலைமுத்து, நானும் சுடலைமுத்து, பன்னிரண்டு வயது மகளும் சுடலைமுத்து. பல் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கதவைத் திறந்து "சுடலைமுத்து" என்று கூப்பிட, என் மகள் கோமதி எழுந்து போவாள். ஊரில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்வதே தப்பு. இங்கே நான் அவர் பெயரில் கையெழுத்தே போடுகிறேன்.

அட்டையை வாசித்துச் சொன்னது கோமதிதான். எனக்கு வரும் காகிதத்தையெல்லாம் அவள்தான் வாசிக்கிறாள். பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் வாசித்துவிட்டு, "அம்மா, உனக்கு ஓட்டு வந்திருக்கு" என்றாள்.

ஏதோ தப்பாக அனுப்பியிருப்பார்கள், நாம் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை, நம்முடைய பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட், திருப்பி அனுப்பிவிடு என்றேன். அவள் நம்பவில்லை. தானே நகராட்சிக்குப் போன் போட்டு, அவர்கள் பாஷையில் என்னென்னவோ கேட்டுவிட்டு வந்து விளக்கினாள். நாட்டுத் தேர்தலில்தான் நமக்கு ஓட்டுக் கிடையாதாம். ஊர்த் தேர்தலில், மூன்று வருஷம் இங்கே குடியிருந்த யாருக்கும் உண்டாம். "நீ இங்கதானம்மா இருக்க? அப்ப உனக்கும் உண்டு" என்றாள். அவளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

நான் அட்டையை வாங்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் சொருகி வைத்தேன். போகும் எண்ணம் எனக்கு இல்லை. போன வருஷத்திலிருந்து தேர்தல் என்ற வார்த்தையைக் கேட்டாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

2

நாங்கள் இங்கே வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ராதாபுரம் பக்கத்துப் பொட்டல்காட்டில் காற்றாலை நட வந்த கம்பெனியில் எங்கள் வீட்டுக்காரர் மெக்கானிக்காகச் சேர்ந்தார். உயரத்தில் ஏறப் பயப்படாத ஆள் என்று அவரைப் பிடித்துப்போய் இங்கேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேற்குக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். நம் ஊர் ஆடிக் காற்று இங்கே வருஷம் முழுக்க அடிக்கும். அவர் கம்பத்தில் ஏறி இறங்குகிறார். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறேன். இவர்கள் சாப்பிடும் உருளைக்கிழங்கைப் பார்த்தால் நமக்கு வாழ்க்கையே வெறுத்துவிடும்.

பாஷைதான் இன்னும் வசப்படவில்லை. வந்த இரண்டாம் வருஷம் நகராட்சி அலுவலகத்தில் ஏதோ சான்றிதழ் வாங்கிவிட்டுக் கிளம்பும்போது, மரியாதையாக இருக்கட்டும் என்று "போயிட்டு வாரேன்" என்பதை அப்படியே அவர்கள் பாஷையில் வார்த்தைக்கு வார்த்தை சொல்லிவிட்டேன். அந்த மனிதர் கவுண்டரை மூடாமல், கோட்டை மாட்டிக்கொண்டு, நான் திரும்பி வருவேன் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த நாள் தெருவில் பார்த்த கோமதியிடம் கேட்டாராம், உன் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று. அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் சண்டை போட்டாள். இங்கே போகிறவர்கள் போகிறேன் என்று மட்டும்தான் சொல்வார்களாம்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வரும்போது ஏழு வயது. இப்போது அவள் கனவில்கூட இந்தப் பாஷைதான் பேசுகிறாள், பக்கத்தில் படுத்திருக்கும்போது கேட்டிருக்கிறேன். என்னோடு தமிழ், அதுவும் பசித்தால், காய்ச்சல் வந்தால். மற்ற நேரத்தில் நான் தமிழில் கேட்பேன், அவள் அதில் பதில் சொல்வாள். எனக்கு அது வலிக்கிறது என்று அவளிடம் சொல்லவும் முடியவில்லை.

இந்தத் தேர்தலில் அவளுக்கென்று ஒரு வழக்கு இருந்தது. ஊர் நீச்சல் குளத்தைச் செலவு அதிகம் என்று மூடப் பார்க்கிறார்கள். இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும், ஆணோ பெண்ணோ, நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார்கள். குளத்தை மூடக் கூடாது என்று சொல்லும் ஒருவர் தேர்தலில் நிற்கிறார். பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளிடம் பேசினாராம். அவருக்கு என்னை ஓட்டுப் போடச் சொல்லி அவள் நச்சரித்தாள். "சின்னப் பிள்ளைக எப்படிம்மா நீந்தப் படிக்கும்?" என்று ஒரு நாள் கேட்டாள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

3

கோமதி என்ற பெயர் எங்கள் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு இருந்தது. எங்கள் அம்மாவின் பெயர். அண்ணன் மகளுக்கு முதலில் வைத்தார்கள். ஐந்து மாதம் கழித்து எனக்குப் பெண் பிறந்தபோது நானும் விட்டுக்கொடுக்கவில்லை, வைத்துவிட்டேன். அண்ணன் மகள் பெரிய கோமதி. என் மகள் சின்ன கோமதி. ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டுக்குச் சண்டை போட்டு வளர்ந்தவை.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம். ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே வயல். வயலை ஒட்டிப் பஞ்சாயத்து வண்டிப்பாதை ஒன்று ஆற்றுக்கு இறங்கும். நெல் வண்டிக்கும் மாட்டுக்கும் போட்ட பாதை. நாங்கள் இங்கே வந்த பிறகு அதில் மணல் லாரி வர ஆரம்பித்தது. முதலில் துறைக்குக் கீழே தூரத்தில் அள்ளினார்கள். பிறகு பக்கத்தில். பிறகு பெண்கள் குளிக்கும் துறையின் கால்மாட்டிலேயே அள்ளினார்கள். ஆற்றில் தோண்டிய குழி வெளியே தெரியாது. மேலே தண்ணீர் ஒரே மட்டமாகத்தான் போகும்.

பெரிய கோமதிக்கு அப்போது பத்து வயது. வாய்க்கால் அடைப்பு நேரம், அதனால் எல்லாரும் ஆற்றுக்குத்தான் துவைக்கப் போனார்கள். அண்ணன் பெண்சாதி செண்பக மதினி துணியை அடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை எப்போதும் நிற்கிற இடத்தில், முட்டளவு தண்ணீர் நிற்கிற இடத்தில், சொம்போடு இறங்கியது. அவ்வளவுதான். கத்தக்கூட இல்லை. எங்கள் ஊர் ஆம்பிளைப் பிள்ளைகள் பாலத்திலிருந்து குதித்து நீந்தும். பொம்பளைப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

முதலில் தண்ணீரில் பாய்ந்தது சரசக்கா. மில் அண்ணாச்சி பெண்சாதி. அவளுக்கும் நீச்சல் தெரியாது. பக்கத்துத் துறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்து, அவளைத்தான் முதலில் உயிரோடு இழுத்துப் போட்டார்கள். பிள்ளையை அப்புறம் எடுத்தார்கள்.

எங்கள் தெருவில் அப்போது மில் வீட்டில் மட்டும்தான் போன். நான் பேசுவதென்றால் அந்த நம்பருக்குத்தான் போடுவேன், சரசக்கா எடுத்து, வாசலில் நின்று மதினியைக் கூப்பிடுவாள். அன்றைக்கு அந்த நம்பரிலிருந்து இங்கே போன் வந்தது. சரசக்காதான் பேசினாள். பேசினாள் என்றா சொல்வது, அழுதாள். எந்தக் கோமதி என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பக்கத்து அறையில் என் பிள்ளை டிவி பார்த்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டு நான் முதலில் ஓடிப்போய் என் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தேன். அண்ணன் பிள்ளைக்காக அழுதது அதற்கப்புறம்தான்.

லாரி ஒரு வாரம் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்த மணல் ஒப்பந்தக்காரர் விதி என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் லாரி வந்தது.

4

பத்து வருஷமாக நடக்காத பஞ்சாயத்துத் தேர்தலைப் போன வருஷம் அறிவித்தார்கள். எங்கள் ஊர்த் தலைவர் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஊர் ஆம்பிளைகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். எந்தப் பெண்ணை நிறுத்துவது என்று முடிவு செய்யக் கூடிய அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்கூடக் கிடையாது. போட்டி வேண்டாம், ஊர் ஒற்றுமை கெட்டுவிடும், மில் அண்ணாச்சி வீட்டில் நிற்கட்டும் என்று பேசி முடித்துவிட்டார்கள். அண்ணாச்சி வீட்டுக்குப் போய், இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்த சரசக்காவிடம், நீதான் தலைவர் என்றாராம். அவள் கையில் மாவோடு, "எதுக்கு?" என்று கேட்டாளாம். இதை அவளே பிறகு மதினியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மணல் லாரிகளில் இரண்டு அண்ணாச்சியின் மச்சானுடையவை. இது ஊருக்கே தெரியும்.

பிள்ளை போனதிலிருந்து அந்த ஒரு வருஷமும் மதினி தானாக யாரிடமும் பேசவில்லை. சமைப்பாள், வயலுக்குப் போவாள், வருவாள். ஆற்றுக்கு மட்டும் போவதில்லை. பாதையில் லாரி போகும் சத்தம் வந்தால் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, சத்தம் போகும்வரை அப்படியே நிற்பாள் என்று அண்ணன் எழுதியிருந்தான். வண்டிப்பாதை பஞ்சாயத்துக்குச் சொந்தம், அதைத் திறக்கவும் அடைக்கவும் பஞ்சாயத்துத் தீர்மானம் போட்டால் போதும் என்று யாரோ பஸ்ஸில் பேசிக்கொண்டதை அவள் கேட்டிருக்கிறாள். மறுநாள் காலையில் தலை சீவி, சேலை மாற்றி, அண்ணன் முன்னால் வந்து நின்று, வேட்பு மனு போட வேண்டும், கூட வாருங்கள் என்றாளாம்.

அண்ணன் சாது. ஊரைப் பகைத்துக்கொண்டு வாய்க்காலில் தண்ணீர் வாங்க முடியுமா என்று பயந்தான். ஊர் கூடிப் பேசி முடித்த பிறகு நாம் நிற்பது நல்லதா என்று கேட்டிருக்கிறான். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எனக்கு எழுதினான்.

"நான் ஒண்ணும் ஊர ஆளப் போகல. அந்தப் பாதைய அடைக்கணும். அடைச்சிட்டு மறுநாளே எறங்கிருதேன். வேற யாரும் இருந்து ஆண்டுக்கிடட்டும்."

அண்ணன் கூடப் போனான். ஏணிச் சின்னம் கிடைத்தது. சரசக்காவுக்குப் பூட்டு சாவி. தெருவில் சுவர் கொடுக்க யாரும் துணியவில்லை. அண்ணனே சுண்ணாம்பும் காவியும் வாங்கி வந்து எங்கள் வீட்டுச் சுவரிலேயே ஒரு ஏணியை வரைந்தான். அவனுக்குக் கோடு நேராக வராது. சாய்ந்து கிடந்த அந்த ஏணியைப் பார்த்து மதினி சிரித்தாளாம். பிள்ளை போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை முதியோர் இல்லத்துச் சமையலறையில் வைத்துப் படித்துவிட்டு நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். கூட வேலை பார்க்கிறவள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

5

இனிமேல் சொல்வதைத்தான் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். எங்கள் ஊர் ஆட்களைத் தெரியாதவர்களுக்கு இது கேலியாகப் படும்.

மதினி வீடு வீடாகப் போனாள். நோட்டீஸ் இல்லை, கூட வர ஆள் இல்லை. வாசலில் போய் நின்று, பாதையை அடைக்கணும், ஏணியில் ஓட்டுப் போடுங்கள் என்பாள். அதற்கு மேல் பேச வராது. பேச வேண்டிய தேவையும் இல்லை. அந்தப் பிள்ளை எல்லார் வீட்டிலும் விளையாடிய பிள்ளை. பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் கேட்காமலேயே அவள் கைமேல் அடித்துச் சத்தியம் செய்தார்கள். உனக்கில்லாமல் யாருக்குப் போடப் போகிறோம் என்றார்கள். எதிர்த்த வீட்டுப் பேச்சியம்மா சித்தி, மதினியை உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்து, தலையைத் தடவி அனுப்பினாள்.

மில் வீட்டுக்கு இது தெரிந்துவிட்டது. தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, அண்ணாச்சியின் அம்மா முன்னால் வர, சரசக்கா பின்னால் வர, அம்மன் கோயில் குங்குமத்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு தெருவுக்குள் இறங்கினார்கள். கல்யாணத்துக்கு அழைப்பது போல ஒவ்வொரு வீட்டிலும் ஏறி, வெற்றிலை பாக்கு வைத்து, நெற்றியில் குங்குமம் இட்டு, அம்மன் மேல் சத்தியம் வாங்கினார்கள். வீடு தேடி வந்து குங்குமம் கொடுக்கிறவளை வேண்டாம் என்று சொன்ன பெண் எங்கள் ஊரில் இதுவரை பிறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் வந்தார்களாம். சரசக்கா வாசற்படியில் நின்று தலையை நிமிர்த்தவே இல்லையாம். மதினி நெற்றியைக் காட்டிக் குங்குமத்தை வாங்கிக்கொண்டாள். என்ன மதினி இது என்று நான் பிறகு கேட்டேன். குங்குமம் என்ன செய்யும் பாவம் என்றாள்.

ஆக, தெரு முழுக்க இரண்டு பேருக்கும் சத்தியம் செய்துவிட்டது.

அந்த வாரத்தில்தான் மில் வீட்டுப் போனில் இனி பேசக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். நான் போட்டபோது அவரே எடுத்து, ரொம்ப மரியாதையாக, லைன் சரியில்லை தாயி என்று வைத்துவிட்டார். அதிலிருந்து மதினி சேரன்மகாதேவி டெலிபோன் பூத்துக்குப் போய் நிற்க, சொல்லிவைத்த நேரத்துக்கு நான் அங்கே கூப்பிடுவது என்று ஆனது.

6

ஓட்டு எண்ணிக்கைக்கு மதினி, அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனாள். வேட்பாளர் உள்ளே போய் மேசைக்கு எதிரே உட்காரலாம். சரசக்கா வரவில்லை, அவளுக்குப் பதில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். தலைவர் பதவிக்கான சீட்டைப் பிரித்து ஏணி ஒரு பக்கம், பூட்டு சாவி ஒரு பக்கம் என்று அடுக்கினார்கள். மூன்றாவதாக ஒரு அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. செல்லாத ஓட்டு.

அதிகாரி நேர்மையான மனிதர். ஒவ்வொரு செல்லாத சீட்டையும் இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டிவிட்டுத்தான் கீழே வைத்தார். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இரண்டு முத்திரை. பூட்டு சாவி மேல் ஒன்று, ஏணி மேல் ஒன்று. கை நடுங்காமல், மை கலையாமல், கோலப்புள்ளி வைப்பது போலப் பார்த்துப் பார்த்துக் குத்தியிருந்தார்கள். சரசுக்குக் கொடுத்த சத்தியமும் தப்பவில்லை, செண்பகத்துக்குக் கொடுத்த சத்தியமும் தப்பவில்லை. இரண்டு குத்தினால் செல்லாது என்று ஓட்டுச் சாவடியில் சொல்லாமல் இல்லை. சொன்னார்கள். அது ஏமாற்றுகிறவர்களுக்குச் சொல்வது, சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு இல்லை என்று எங்கள் ஊர்ப் பெண்கள் நினைத்துவிட்டார்கள்.

மதினி தோற்றாள். தோற்ற வித்தியாசத்தைவிடச் செல்லாத ஓட்டு அடுக்கு பெரிசு. "அவரு ஒவ்வொண்ணாத் தூக்கித் தூக்கிக் காட்டுதாரு லெச்சுமி. எல்லாத்துலயும் ஏணி மேல மை இருக்கு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்று பூத்திலிருந்து சொன்னாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஊருக்குத் திரும்பியதும் ஒவ்வொருத்தியாக வந்து துக்கம் கேட்டார்கள். உனக்குத்தான் போட்டேன் என்றாள் பேச்சியம்மா சித்தி. உனக்கும் குத்தினேன், அவளுக்கும் குத்தினேன், ஒருத்திக்கும் துரோகம் பண்ணலையே தாயி, பிறகு எப்படித் தோற்றாய் என்று அவளே மதினியிடம் கேட்டிருக்கிறாள். அதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. யாரைப் போய்த் திட்டுவது? எனக்கு இங்கே உட்கார்ந்துகொண்டு அந்தத் தெருவையே வாயில் வந்தபடி ஏசத் தோன்றியது, ஏசினேன். எங்கள் வீட்டுக்காரர், நீ அங்கே இருந்திருந்தால் குங்குமம் வாங்கியிருக்க மாட்டாயா என்றார். அன்றைக்கு அவரோடும் பேசவில்லை.

7

இங்கே ஓட்டுப் போடும் நாள் நவம்பரில் வந்தது. பிற்பகலிலேயே இருட்டிவிட்டது. வேலை முடிந்து வந்த என்னை, செருப்பைக்கூடக் கழற்றவிடாமல், அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு கோமதி இழுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் சாவடி. போலீஸ் இல்லை, கூட்டம் இல்லை. நாலைந்து வயதானவர்கள் மேசை போட்டுக் காப்பி குடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி என் பெயரை, அதாவது என் மாமனார் பெயரை, எழுத்துக் கூட்டி வாசித்துச் சிரித்தபடி சீட்டைக் கொடுத்தாள்.

சீட்டு, விரித்தால் மேசையை மூடும் அளவுக்கு இருந்தது. முழுக்கப் பெயர்கள். நான் விழிப்பதைப் பார்த்து அந்த அம்மாள் மெதுவாக ஏதோ சொன்னாள். கோமதி மொழிபெயர்த்தாள்.

"ஒரே ஒரு குறிதான் போடணுமாம்மா. ரெண்டு போட்டா யாருக்கும் சேராதாம்."

எனக்கு அங்கேயே அழுகை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த அம்மாள் பயந்துபோய் எழுந்து வந்து தோளைத் தொட்டாள். கோமதிக்கு ஒரே வெட்கம், முகம் சிவந்துவிட்டது. ஒன்றுமில்லை என்று அவர்கள் பாஷையில் சொல்லிவிட்டு, மறைப்புக்குள் போய், பென்சிலை எடுத்து, கோமதி சொன்ன பெயரைத் தேடி, அதற்கு நேரே ஒரே ஒரு குறி போட்டேன். தப்பாகிவிடுமோ என்று பென்சிலை அழுத்திப் பிடித்ததில் காகிதம் கிழியப் பார்த்தது.

திரும்பி வரும் வழியில் கோமதி கேட்டாள், ஏன் அழுதாய் என்று. பெரிய கோமதியைப் பற்றி அவளுக்குத் தெரியும், காய்ச்சலில் போனாள் என்று சொல்லி வைத்திருந்தோம். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். துறையை, குழியை, லாரியை, மதினியை, ஏணியை. காற்றில் பாதி வார்த்தை பறந்துவிட்டது. அவள் என் பக்கமாக நெருங்கி நடந்தாள். பிறகு, பெரிய கோமதிக்கு நீச்சல் தெரியாதா என்று தமிழில் கேட்டாள். தெரியாது என்றேன். வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

அந்த ஆள் ஜெயித்துவிட்டார். குளத்தை மூடப் போவதில்லை என்று பேப்பரில் போட்டிருந்தார்களாம், கோமதி வாசித்துச் சொன்னாள். முந்தாநாள் வரை என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஓர் ஊரில் என் ஒரு குறி போய்ச் சேர்ந்துவிட்டது.

8

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதினியைப் பூத்தில் பிடித்தேன். நான் ஓட்டுப் போட்டதைச் சொன்னேன். குளத்தைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சும்மா ஒரு ஆளுக்குப் போட்டேன், ஜெயித்துவிட்டார் என்றேன். நல்லது, நல்லது என்றாள். சின்னவள் இப்போது எவ்வளவு உயரம் இருக்கிறாள் என்று கேட்டாள். என் தோளுக்கு மேலே வந்துவிட்டாள் என்றேன். பிறகு, சரசு வந்திருந்தாள் என்றாள்.

ஒரு வருஷமாகச் சரசக்கா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தலைவர் என்றுதான் பெயர். பஞ்சாயத்து ஆபீஸுக்கு அண்ணாச்சிதான் போவார், வருவார். தலைவர் முத்திரை அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். கையெழுத்து வேண்டுமென்றால் காகிதம் அடுக்களைக்கு வரும். அப்படிப் போன வாரம் ஒரு காகிதம் வந்திருக்கிறது. ஆற்றுக்குப் போகும் வண்டிப்பாதையை அகலப்படுத்திக் கல் ரோடு போடுவதற்கான தீர்மானம். மழையில் லாரிச் சக்கரம் புதைகிறதாம்.

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு, அன்று மத்தியானம் அண்ணாச்சி தூங்கும் நேரம் பார்த்து, கொல்லைப்புற வழியாக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாளாம். வந்தவள் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரோட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றாள். மதினி முறத்தை இறக்கி வைத்தாள்.

"அதுக்கு நான் என்ன லெச்சுமி சொல்ல முடியும்? போ சரசுன்னேன். அவ போகல. நின்னுக்கிட்டே இருந்தா. அப்புறம் பையச் சொல்லுதா, செம்பகம், அன்னைக்கு நானும் ஏணியிலதான் குத்தினேன்னு. பூட்டுச் சாவியத் தொடவே இல்லையாம். ஏணியில மட்டும்தான் குத்தினாளாம். எங்கம்மா மேல சத்தியம்னு அழுதா."

சரசக்கா பொய் சொல்ல மாட்டாள். அந்தப் பிள்ளைக்காக நீச்சல் தெரியாமல் ஆற்றில் விழுந்தவள். நீ என்ன சொன்னாய் மதினி என்று கேட்டேன்.

சரசக்கா அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு, அண்ணாச்சி எழுந்திருக்கும் நேரம் ஆகிவிட்டது என்று அவளை அனுப்பியிருக்கிறாள். அவள் போன பிறகு முறத்தை எடுக்கத் தோன்றவில்லையாம். மறுநாளே ஜல்லி வந்து இறங்கிவிட்டது, வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் குவியல் தெரிகிறது என்றாள்.

பூத்துக்காரர் வெளியே ஆள் காத்திருப்பதாக ஏதோ சொல்வது கேட்டது. மதினி, இந்தா வைத்துவிடுகிறேன் அண்ணாச்சி என்று அவரிடம் சொன்னாள். வைக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல என்னிடம் கேட்டாள்.

"பேச்சியம்மா சித்தி எனக்குப் போட்டா. தெருவே எனக்குப் போட்டுச்சு. என்னை எதுத்து நின்னவளும் எனக்கே போட்டுருக்கா. நீ வெளியூரு உலகமெல்லாம் பாத்தவ, நீ சொல்லு லெச்சுமி. அப்ப என்னைத் தோக்கடிச்சது யாரு?"